முறுக்கு ஆரஞ்சு, டம்ளர் நீலம்!

“சித்தி, செருப்பை மேலயே விட்டுட்டு வாங்க! தரையெல்லாம் பிரிண்ட் காயுது!”

பாப்பா போட்ட கத்தலில் படிக்கட்டின் நடுவிலேயே நின்றுவிட்டேன். கீழே எட்டிப் பார்த்தால், அப்பப்பா! வீட்டுக்கு அடியில் ஒரு பெரிய கூடம். அதன் குறுக்கே மூன்று கொடிகள் கட்டியிருந்தார்கள். நம் வீட்டுக் கொடியில் வேட்டியும் துண்டும் காயும். இங்கே முறுக்கு காய்ந்துகொண்டிருந்தது! கரு நீலத் தாள்களின் நடுவே வெள்ளை வெளேரென்று கைமுறுக்கின் சுற்று, இடியாப்பத் தட்டின் ஓட்டைகள், ஜல்லிக்கரண்டி, டபரா. துணிக் கிளிப்பில் தொங்கி, நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இடம் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், எடிசன் நகரம். ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. பாப்பா என் அக்கா மகள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள், வயது 16. கூடத்துக்குச் சொந்தக்காரர் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் ஆறு பிள்ளைகளுக்குப் போர்ட்ஃபோலியோ என்ற படைப்புத் தொகுப்பைத் தயாரிக்க வழிகாட்டுகிறார். மே மாதத் தொடக்கத்தில் எல்லாரும் தங்கள் படைப்புகளை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். மிச்சமிருப்பது பத்தே நாள். அந்தப் பத்து நாள் பரபரப்பின் நட்டநடுவில் போய் நிற்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது!

கேள்வித்தாளே இல்லாத பரீட்சை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘ஏபி’ என்று ஒரு வகைப் பாடங்கள் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் படித்து, தேர்வு எழுதி, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கலாம். காலேஜ் போர்டு என்ற அமைப்பு இதை நடத்துகிறது. கணிதம், இயற்பியல், வரலாறு என்று நீளும் அந்த வரிசையில் ‘ஆர்ட் அண்ட் டிசைன்’ பாடத்துக்குத் தேர்வுக்கூடமே கிடையாது. ஆண்டு முழுக்கச் செய்த வேலையே விடைத்தாள்!

இதில் ஓவியம், இருபரிமாண வடிவமைப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்று மூன்று பிரிவுகள். பாப்பா எடுத்திருப்பது இருபரிமாணம். அவள் அனுப்ப வேண்டியவை இரண்டு பகுதிகள். முதல் பகுதி, ஒரே கேள்வியை விடாமல் துரத்திப்போன தேடல். இதற்கு 15 படங்கள், மதிப்பில் 60 விழுக்காடு. இரண்டாவது, தன் கைவண்ணத்தில் சிறந்ததென்று அவளே பொறுக்கிய ஐந்து படைப்புகள், 40 விழுக்காடு.

அந்தப் பதினைந்தில்தான் சுவாரசியமே இருக்கிறது. முடித்த படங்களை மட்டும் வைக்க வேண்டும் என்றில்லை. வழியில் செய்த சோதனைகள், கிறுக்கல்கள், பாதியில் திசை மாறிய தாள்கள் எல்லாவற்றையும் வைக்கலாம். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் மூன்றும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஒருத்தி எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதோடு எப்படிப் போனாள் என்பதற்கும் மதிப்பெண்! கேட்டதும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளினேன்.

கையைக் கட்டிக்கொள்ளும் டீச்சர்

சரி, இதற்கு டியூஷனில் என்னதான் சொல்லித்தருவார்கள்? டீச்சரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசை மேசையாகப் போகிறார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார். பென்சில் தொடுவதில்லை, தூரிகை தொடுவதில்லை. ஏதாவது வரைந்தே காட்ட வேண்டுமென்றால் பிள்ளையின் தாள்மேல் ட்ரேசிங் ஷீட் ஒன்றை விரித்து அதன்மேல் கோடு போடுகிறார். சொல்லி முடித்ததும் அந்த ஷீட்டை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டுவிடுகிறார். பிள்ளையின் தாளில் டீச்சரின் ஒரு கோடுகூட மிஞ்சுவதில்லை!

“இவள் படத்தில் என் கோடு ஒன்று விழுந்தால்கூட அது இவள் படம் இல்லை” என்று என்னிடம் சொன்னார். தேர்வு விதியும் அதுதான், மாணவரின் சொந்தப் படைப்பாக மட்டுமே இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று காலேஜ் போர்டு அடியோடு தடுத்திருக்கிறது.

அப்படியானால் அவர் தருவது? கேள்விகள்! சின்ன மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரு கேள்வி எழுதி மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களை வரையும் பையன் மேசையில்: “இவர்களில் யார் அதிக நேரம் நிற்கிறார்? அது எனக்கு எப்படித் தெரியும்?” பாட்டியின் ஸ்வெட்டர் பின்னலைப் பெரிதாக்கி வரையும் பெண்ணின் மேசையில்: “எவ்வளவு அருகில் போனால் இது துணி என்பது மறந்துபோகும்?”

பிறகு எல்லாரும் சுவரில் படங்களை மாட்டிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். வரைந்தவர் முதல் மூன்று நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்ற ஐந்து பேரும் கண்ணில் பட்டதைச் சொல்வார்கள். ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ இரண்டுக்கும் தடை! “என் கண் முதலில் இந்த மூலைக்குப் போகிறது”, “இந்த இரண்டு வடிவமும் முட்டிக்கொள்கின்றன” என்று மட்டும்தான் பேச வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்க்க எனக்கே படபடப்பு!

பெட்டி கட்டும் படலம்

பாப்பா துரத்திய கேள்வி எங்கே பிறந்தது தெரியுமா? எங்கள் வீட்டுக் கூடத்தில்!

ஒவ்வொரு முறையும் அக்கா ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டி கட்டும் படலம் நடக்கும். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. அம்மா பருப்புப் பொடியை மூன்று கவருக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றுவாள். டம்ளருக்குள் சுண்டக்காய் வற்றல், குக்கருக்குள் முறுக்கு டப்பா, முறுக்கு டப்பாவைச் சுற்றிப் பாப்பாவின் பாவாடை. ஒரு விரல் இடம் வீணாகாது. கடைசியில் அப்பா எடை பார்ப்பார். 24 காட்டும். எதை எடுப்பது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

அதைத்தான் பாப்பா முதலில் வரைந்தாள். திறந்த பெட்டி, உள்ளே சாமான்கள், பென்சிலில் மூன்று படங்கள். அச்சு அசலாக இருந்தன. டீச்சர் பார்த்துவிட்டு ஒட்டுத்தாளில் எழுதியது இது: “பெட்டி மூடியிருந்தால்?”

மூடிய பெட்டிக்குள் இருப்பதை யார் பார்ப்பார்? பாப்பா ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டாள். பிறகு பள்ளிப் பேருந்தில் போகும்போது பளிச்சென்று தோன்றியதாம்: விமான நிலைய எக்ஸ்ரே!

அந்தத் திரையை நினைத்துப் பாருங்கள். பெட்டி கண்ணாடியாகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிரும். அந்த வண்ணங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சாகத் தெரியும். உலோகம் நீலமாகத் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. அப்படியென்றால் பாட்டி சுட்ட முறுக்கு ஆரஞ்சு, எவர்சில்வர் டம்ளர் நீலம்! பாப்பா இதைச் சொன்னபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். நம் வீட்டுச் சமையலறையே இரண்டு நிறமாகப் பிரிந்து கண்முன் நின்றது.

நீலம் பிறந்த கதை

நீலத்துக்கு அவள் பிடித்தது சயனோடைப். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த பழைய அச்சு முறை. இரும்பு உப்பு ஒன்றையும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் நீரில் கலந்து தாளில் பூசி, மங்கிய வெளிச்சத்தில் காயவிட வேண்டும். அதன்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் மாறும். பொருள் மறைத்த இடம் அப்படியே இருக்கும். தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலம், மறைந்த இடம் வெள்ளை. கேமராவே வேண்டாம்! 1843இலேயே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதே முறையில் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். கட்டடப் பொறியாளர்களின் ‘புளூபிரிண்ட்’டும் இதன் வாரிசுதான்.

நம் மதுரை வெயில் கிடைத்தால் நொடியில் வேலை முடியும் என்று நினைத்துக்கொண்டேன். எடிசனின் ஏப்ரல் வெயிலுக்கு இருபது நிமிடம் காத்திருந்தோம். அலசும் தொட்டியை எல்லாரும் சுற்றி நின்றோம். வெயிலில் சாம்பல் பூத்திருந்த தாள் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல நீலமாகியது. “வருது, வருது!” என்று ஆறு பிள்ளைகளும் கூவ, ஏழாவதாக நானும் கூவினேன்.

ஆனால் தொடக்கத்தில் பாப்பாவுக்கு ஒரு சிக்கல் இருந்ததாம். எக்ஸ்ரேயில் டம்ளர் நீலம், சுற்றுப்புறம் வெள்ளை. சயனோடைப்பிலோ டம்ளர் வெள்ளை, சுற்றுப்புறம் நீலம். தலைகீழ்! டீச்சரின் ஒட்டுத்தாள் வந்தது: “எதை மறைத்தால் எது நீலமாகும்?” இரண்டு நாள் கழித்து விடை கிடைத்தது. கறுப்பு அட்டையில் டம்ளரின் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை அட்டையைத் தாள்மேல் வைத்தாள். வெயில் ஓட்டை வழியே மட்டும் இறங்கியது. வெள்ளைத் தாளில் நீல டம்ளர்! உருவம் எது, பின்னணி எது, இரண்டையும் எப்படி இடம் மாற்றுவது என்பது இருபரிமாண வடிவமைப்பின் அரிச்சுவடிப் பாடம். பாப்பா அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தன் டம்ளருக்காகத் தானே கண்டுபிடித்தாள்.

குக்கருக்கு இன்னும் அழுத்தமான நீலம் வேண்டியிருந்தது. தடித்த உலோகம் எக்ஸ்ரேயில் கருத்துத்தான் தெரியும். அதற்கு என்ன செய்தாள் என்று கேளுங்கள். அக்கா போட்டு வைத்த டிகாஷனில் தாளை ஊறவைத்தாள்! காபியிலும் தேயிலையிலும் உள்ள டானின்கள் சயனோடைப்பின் நீலத்தைக் கருக்கும். நம் ஃபில்டர் காபியில் குளித்து எழுந்த குக்கர் கருநீலமாக மின்னியது. அக்காவுக்கு அன்று காலைக் காபி இல்லை. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

எண்ணெய்க் கறையின் அதிர்ஷ்டம்

இந்தக் கதையின் உச்சக்கட்டம் இனிமேல்தான்.

ஒருநாள் பாப்பா நிஜ முறுக்கையே ரசாயனம் பூசிய தாளில் வைத்துவிட்டாள். எண்ணெய் தாளில் ஊறிவிட்டது. அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டவில்லை, சரியாக அலசவும் முடியவில்லை. அழகான நீலத்தின் நடுவே பழுப்பாக ஒரு திட்டு. பாப்பா அழுதேவிட்டாளாம். கசக்கிப் போடப் போனவளிடமிருந்து தாளை வாங்கி, டீச்சர் ஒன்றும் பேசாமல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

கறை ஒளிர்ந்தது!

நம் எல்லாருக்கும் தெரிந்த அதிசயம்தானே இது! டீக்கடையில் பஜ்ஜி கட்டித்தரும் செய்தித்தாளில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆகி, மறுபக்க எழுத்து தெரியுமே? தாளின் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றை எண்ணெய் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. பாப்பா தேடிக்கொண்டிருந்த எக்ஸ்ரே அவள் கெடுத்த தாளிலேயே இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் ஒரே ஆராய்ச்சி. பழுப்புத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய் தடவி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டினாள். தேங்காய் எண்ணெய் தோற்றது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், அந்தக் குளிர்ந்த கூடத்தில் வெள்ளையாகப் படிந்து ஒளியை மறைத்தது. நல்லெண்ணெய் ஜெயித்தது! எண்ணெய் நாளடைவில் தாளைப் பழுப்பேற்றி நொறுங்கச் செய்துவிடும் என்று டீச்சர் முன்கூட்டியே எச்சரித்தார். அனுப்பப்போவது ஒளிப்படம்தான் என்பதால், தடவிய அன்றே படம் எடுத்துவிடுவது என்று பாப்பா முடிவு செய்தாள்.

ஆரஞ்சு எங்கே என்கிறீர்களா? டீச்சரின் அலமாரியில் ஜோசஃப் ஆல்பர்ஸின் வண்ணப் பயிற்சிகள் இருந்தன. பௌஹௌஸ் கலைப்பள்ளியிலும் பிறகு அமெரிக்காவிலும் கற்பித்த பேராசிரியர். 1963இல் வெளியான அவருடைய வண்ணப் புத்தகம் இன்றும் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம். ஒரே நிறம் பக்கத்து நிறத்தைப் பொறுத்து வேறு வேறாகத் தெரியும் என்பதைக் கைப்பட வெட்டி ஒட்டிப் பார்க்கச் சொன்னவர். பாப்பா எண்ணெய்த் தாளில் வெட்டிய முறுக்கை நீல அச்சின் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெறும் பழுப்புத் தாள் கனிந்த ஆரஞ்சாக எரிந்தது! நீலம் தன் எதிர்நிறத்தைத் தூக்கிவிட்டது. பதினைந்து படத்துக்கும் அவள் ஒரு சொட்டு ஆரஞ்சு வண்ணம்கூட வாங்கவில்லை. நல்லெண்ணெயும் வெளிச்சமும் போதுமானதாக இருந்தன.

விரல் வை!

மதியம் படப்பிடிப்பு. நன்றாகச் செய்த படைப்பை மோசமாகப் படம் பிடித்தால் அத்தனையும் வீண் என்பது டீச்சரின் கண்டிப்பு. கேமராவும் தாளும் ஒன்றுக்கொன்று இணையாக நேருக்கு நேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் செவ்வகம் கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு. நிறம் மாறாமலிருக்க ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை. பெரிய வெள்ளை அட்டையைத் தலைக்கு மேல் பிடித்து நிழலை விரட்டும் வேலை அத்தானுக்கு. கை கடுக்க முக்கால் மணி நேரம் நின்றார். பெற்றோர் உதவி அனுமதிக்கப்படும் எல்லை அதுதான் என்று பெருமையாகச் சொன்னார்!

பிறகு எழுத்து வேலை. எந்தக் கேள்வி உன்னை நடத்தியது, பயிற்சியாலும் பரிசோதனையாலும் திருத்தத்தாலும் அது எப்படி வளர்ந்தது, இந்த இரண்டுக்கும் தலா 600 எழுத்துக்குள் பதில் எழுத வேண்டும். இடைவெளியும் கணக்கில் சேரும். பாப்பாவின் முதல் வரைவு இரண்டு பக்கம். பாரம்பரியம், அடையாளம், வேர்கள் என்று கனமான சொற்கள். டீச்சர் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார். “இது எந்தப் படத்தில் தெரிகிறது? அங்கே விரல் வை.” விரல் வைக்க முடியாத வரியெல்லாம் போயின. கடைசியில் மிஞ்சிய கேள்வி ஒரே வரி: பெட்டியைத் திறக்காமல் அதற்குள் இருக்கும் வீட்டை எப்படிக் காட்டுவது?

அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மாலையில் எல்லாப் படங்களையும் சிறிய அட்டைகளாக அச்சிட்டுத் தரையில் பரப்பினார்கள். நாற்பதுக்கு மேல் இருந்தன. பதினைந்துதான் போக வேண்டும். எண்ணெய்க் கறைத் தாளைப் பாப்பா ஆறாவது இடத்தில் வைத்தாள்.

“ஏண்டி, கறை பட்டதையா வைக்கிற?” என்று அக்கா பதறினாள்.

“அம்மா, இதை எடுத்துட்டா அஞ்சுல இருந்து ஏழுக்கு நான் எப்படி வந்தேன்னு யாருக்குமே புரியாது.”

டீச்சர் அப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவர் முகத்தில் பூத்ததைப் பார்த்தேனே! ஆண்டு முழுக்க அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம் பதிலாக இருந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கொடிகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நம் வீடுகளிலும் பிள்ளைகளின் பள்ளி சார்ட்டை ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா வரைந்து முடிக்கிறார், அம்மா வண்ணம் அடிக்கிறார். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த ராத்திரியில் பிள்ளை கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்றை நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

உங்கள் மகனோ மகளோ வடிவமைப்புப் படிக்க ஆசைப்பட்டு, போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு வழிகாட்டியைத் தேடுகிறீர்களா? சேர்ப்பதற்கு முன் அவரிடம் படித்த பிள்ளைகளின் படைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்துப் பேரின் படமும் ஒரே கை வரைந்ததுபோல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பத்தும் பத்து விதமாக இருந்தால் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அது நல்ல இடம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளை கசக்கும் தாளைக் குப்பைக்குப் போகவிடாதீர்கள். பின்பக்கம் தேதி எழுதி, ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள்.